ஒகி ஊர் யோக்கன்

1983-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் பிற்பகுதியில் ஒரு நாள் காலை, யோகோஹாமா துறைமுகத்தை அடுத்த இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் நான் பயிற்சி பெற்றுவந்த காலத்தில், ஒபோன் விடுமுறைக்குத் தம் பிறந்த ஊர் போய்த் திரும்பியிருந்த எங்கள் பிரிவுத் தலைவர், அறையிலிருந்த ஒவ்வொருவர் மேஜைமேலும் காகிதத்தில் சுற்றிய சிறு பலகாரம் ஒன்றை வைத்துக்கொண்டே வந்து, என்னிடம் வந்ததும் சற்று நின்று, கையிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்து, அதிலிருந்து தனியாக ஒரு பெட்டியை எடுத்து, இரண்டு கைகளாலும் ஏந்தி என்முன் நீட்டினார். நானும் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். “அற்பப் பொருள்தான்” என்று தொடங்கி அவர் வேகமாகச் சொன்ன நாலைந்து வாக்கியங்களில், ஜப்பானிய மொழியோடு ஆறு மாதமே பழகியிருந்த எனக்கு, ‘என் ஊர்’ என்பதும் ‘ஒகி’ என்ற பெயரும் மட்டுமே விளங்கின.

ஒபோன் என்பது மறைந்துபோன முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போவதாக அந்நாட்டார் நம்பும் நாட்கள். ஆகஸ்டு 15-ஆம் தேதியை ஒட்டி நகரத்து ஜனங்களில் பெரும்பகுதியினர் தத்தம் கிராமங்களுக்குப் பிரயாணமாகிவிடுவார்கள். திரும்பி வரும்போது, தாம் இல்லாத நாட்களில் தம் வேலையையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அந்த ஊர்ப் பலகாரம் ஏதேனும் கொண்டுவந்து கொடுப்பது அவர்களிடையே தவறாத சம்பிரதாயம். ‘மியாகே’ என்பது அதன் பெயர்; மரியாதையாகச் சொல்லும்போது ‘ஒமியாகே’. எழுதுகையில் மண்ணுக்குரிய எழுத்தையும் விளைவுக்குரிய எழுத்தையும் அடுத்தடுத்து வைத்து எழுதுகிறார்கள். முற்காலத்தில் இஸே என்னும் புண்ணிய ஸ்தலத்துக்குப் போக ஆசைப்பட்டும் கையில் பொருளில்லாத கிராமத்தார், சங்கமாகச் சேர்ந்து பணம் போட்டு, சீட்டுக் குலுக்கி, பெயர் விழுந்தவரை எல்லோர் சார்பாகவும் யாத்திரை அனுப்புவார்களாம். போனவர் திரும்பும்போது போகாதவர்களுக்காகக் கொண்டுவந்த ரட்சைகளும் சிறு பொருள்களுமே இவ்வழக்கத்துக்கு வேர் என்று சொல்லுகிறார்கள். பழனிப் பஞ்சாமிர்தமும் சேதுக்கரைத் தீர்த்தமும் வீடு வீடாகப் போய்ச் சேர்வதைப் பார்த்து வளர்ந்த இராமநாதபுரச் சீமைக்காரனான எனக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

அன்றிரவு தொழிலாளர் விடுதியில் என் அறைக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தேன். மேற்காகிதம் ஓரிடத்திலும் கிழியாதபடி மூலைவாட்டில் மடித்து ஒட்டப்பட்டிருந்தது; அதன் உள்ளே அட்டைப்பெட்டி; அதன் உள்ளே, இழைப்புளியால் சீவியெடுத்தது போன்ற மெல்லிய மரச்சீவலில் பொதிந்து, ஒரு சாண் நீளமும் இரண்டு விரல் கனமுமாக, கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கட்டி. அதன் மேற்பரப்பு முழுதும் சர்க்கரை பூத்து, பனி படர்ந்த கண்ணாடிபோல் மங்கி வெளுத்திருந்தது. பெட்டிக்குள் சிறு காகிதத் துண்டு ஒன்றும் இருந்தது. வேகமான கையெழுத்தில் இரண்டு வரி. கடைக்காரர் வைத்த சீட்டு என்று கருதி அதை ஒதுக்கி வைத்தேன்.

பிறகு பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த பெயரைப் பார்த்தேன். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சீன எழுத்துக்களில் சில நூறு கற்பித்திருந்தார்கள். முதல் எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து: மேலே இரண்டு கொம்புகள், கீழே மூன்று படுக்கைக் கோடுகள், நடுவே முதுகெலும்புபோல் இறங்கும் ஒரு நெடுங்கோடு. ஆடு! இரண்டாவது எழுத்து எனக்குத் தெரியாதது. ஆனால் உற்றுப் பார்த்தபோது அதற்குள்ளும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக அதே ஆடு இருமுறை நின்றது.

நான் மாமிசம் புசிக்காத குடும்பத்தில் பிறந்தவன். ஜப்பானுக்குப் புறப்பட்ட அன்று என் தாயார் கேட்டுக்கொண்டதும் அந்த ஒன்றுதான். ஆறு மாத காலமும் சோற்றையும் சோயாக் கட்டியையும் காய்கறிகளையும் கொண்டு அந்த வார்த்தையைக் காப்பாற்றி வந்திருந்தேன். அந்த ஆட்டெழுத்தைக் கண்டபின் கட்டியைத் தொட மனம் துணியவில்லை. கொடுத்தவரிடம் கேட்டுவிடலாம் என்றால், அவ்வளவு பிரியத்தோடு ஏந்திக் கொடுத்த ஒரு பொருளில் குறை சொல்வதாக முடியுமோ என்று கூசினேன். ஆகவே பெட்டியை மூடி அலமாரியில் வைத்தேன். மறுநாள் அவர் என் மேஜைப் பக்கம் வந்து, “எப்படி இருந்தது?” என்று கேட்டார். “மிகவும் நன்றாக இருந்தது” என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது என் நெஞ்சில் முள் தைத்தது. அந்தப் பொய்யோடு நான்கு நாட்கள் அவர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்தேன்.

எங்கள் விடுதியைப் பராமரித்து வந்த அம்மையாரை நாங்கள் எல்லோரும் ‘ஒபாசான்’ என்று அழைப்போம். அத்தை என்பது போன்ற சொல். அறுபது வயதைக் கடந்தவர். நாகானோ மலைநாட்டில் சுவா ஏரியின் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அறைக்கு வந்த அவர் அலமாரியில் பெட்டியைக் கண்டு, “ஓ, ஒகி யோக்கன்! ஏன் இன்னும் சாப்பிடவில்லை?” என்றார். நான் ஆட்டெழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் முதலில் புரியாமல் விழித்து, பிறகு புரிந்துகொண்டு, சிரிக்காமல், மிகவும் சிரத்தையோடு என் எதிரே பாயில் அமர்ந்து, எனக்கு விளங்கும் எளிய சொற்களால் மெல்லச் சொல்லலானார்.

சீன தேசத்தில் அந்தப் பெயர் உண்மையிலேயே ஆட்டிறைச்சிக் குழம்பைத்தான் குறித்ததாம். அங்கே போய்ச் சமயக் கல்வி கற்ற ஜென் துறவிகள் ஜப்பானுக்குத் திரும்பியபோது அந்தப் பதார்த்தத்தின் பெயரும் கூடவே வந்தது. ஆனால் புலால் உண்ணாத துறவிகள், இறைச்சிக்குப் பதிலாகச் சிவந்த சிறு பயறான அஸுகியை வேகவைத்து மாவு சேர்த்து ஆவியில் அவித்துத் தங்களுக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். பெயரிலே ஆடு தங்கிவிட்டது; பாத்திரத்தில் பயறு வந்துவிட்டது. புலால் மறுத்தவர்கள் தங்களுக்காகவே படைத்துக்கொண்ட பண்டத்தைத்தான் புலாலுக்கு அஞ்சி நான் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.

இதைச் சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்த ஒபாசான், நான் ஒதுக்கிவைத்த காகிதத் துண்டை எடுத்துப் படித்தார். படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “இது கடைக்காரர் எழுதியதல்ல, உங்கள் தலைவர் எழுதியது. ‘பயறு, சர்க்கரை, கடற்பாசி. இவை தவிர வேறொன்றும் இல்லை. கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கவலையின்றிச் சாப்பிடுங்கள்’ என்று எழுதியிருக்கிறார்” என்றார்.

ஒகி என்ற ஊர் கியூஷூ தீவில் சாகா மாநிலத்தில் இருக்கிறது. தோக்கியோவிலிருந்து அத்தீவின் ஹாக்காத்தா வரை 1000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ரயில் பாதை. அந்நாளைய அதிவேக ரயிலுக்கே ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகும். அதற்கு மேலும் வண்டி மாறிப் போகவேண்டும். அவ்வளவு தூரம் போய், இறந்த பெற்றோருக்கு விளக்கேற்றிவிட்டு, அந்நாட்களின் அலைச்சலுக்கு நடுவே ஒரு கடை வாசலில் நின்று, தம் கீழே வேலை கற்க வந்த அந்நிய தேசத்துப் பையன் இதைச் சாப்பிடலாமா என்று அவர் விசாரித்திருக்கிறார். அதை எழுதியும் வைத்தார்; அதைத்தான் நான் படிக்கத் தெரியாமல் ஒதுக்கினேன். மறுநாள் காலை முதல் வேலையாக அவரிடம் சென்று நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். அவரோ, எளிய எழுத்துக்களில் எழுதாதது தம் பிழையென்று எனக்கு வணக்கம் செய்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்புகிறேன். சந்தேகம் தீர்ந்த சந்தோஷத்தில், கத்தியை எடுத்து, நம் ஊரில் அல்வாவை வெட்டுவதுபோல் இரண்டங்குல கனத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கடித்தேன். ஒபாசான் தடுக்கவில்லை. மேல் ஓடு கற்கண்டுபோல் பல்லில் நொறுங்கிற்று. உள்ளே வழவழப்பும் கெட்டியுமாக ஒரு பொருள் பல்லுக்கு இணங்கி அறுபட்டது. அதன்பின் வந்தது வெறும் தித்திப்பு. நெய்யில்லை, ஏலக்காய் இல்லை, முந்திரியில்லை. இனிப்பைத் தாங்கிப் பிடிக்க நம் நாவு எதிர்பார்க்கும் துணைகளில் ஒன்றுமே இல்லை. பாதித் துண்டுக்கு மேல் இறங்கவில்லை. ஆயினும், அந்தக் கெட்டியும் அது அறுபட்ட விதமும் எப்போதோ எங்கேயோ அறிந்தவையாகத் தோன்றின. எங்கே என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

ஒபாசான் எழுந்து போய்த் தேநீர்ச் சாமான்களோடு வந்தார். கொதித்த நீரைக் கிண்ணங்களில் ஊற்றி ஆறவிட்டு, அந்த நீரைப் பச்சைத் தேயிலையின்மேல் விட்டுச் சற்றுப் பொறுத்து, பாலும் சர்க்கரையும் சேராத இளம்பச்சைத் தேநீரை எனக்கும் தமக்கும் மாறி மாறிச் சமமாக வார்த்தார். கத்தியை ஈரத்துணியில் துடைத்துவிட்டு, சுண்டுவிரல் கனத்துக்கும் குறைவாக இரண்டே வில்லைகள் நறுக்கிக் கறுப்பு அரக்குத் தட்டில் வைத்தார். பக்கத்தில் குரோமோஜி என்னும் செடியின் குச்சி. ஒரு பக்கம் பட்டை நீங்காமல் சீவிய அந்தக் குச்சிக்கே ஒரு நறுமணம் உண்டு. “முதலில் பாருங்கள்” என்றார். ஜன்னல் காகிதத்தில் வடிந்து வந்த மாலை வெளிச்சத்தில் வில்லையின் நடுப்பாகம் இருண்டிருந்தது. விளிம்போ மாணிக்கத்தின் ஓரம்போல் ஒளியை உள்வாங்கி வைத்திருந்தது. நாத்ஸுமே ஸோசெக்கி 1906-இல் எழுதிய நாவலில் யோக்கனின் அழகைப் போற்றியிருப்பதையும், அதை நினைவுகூர்ந்து தானிஸாகி 1933-இல் நிழலின் அழகைப் பற்றி எழுதிய நூலில் அரக்குப் பாத்திரத்தின் இருளில் வைத்த யோக்கனின் நிறத்தை வியந்திருப்பதையும் பின்னாளில் படித்தபோது, அந்த மாலையில் கண்டதைத்தான் அவ்விருவரும் சொல்லுகிறார்கள் என்று அறிந்தேன்.

குச்சியால் சிறிதளவு அறுத்து வாயிலிட்டு, கரையும் வரை பொறுத்து, பிறகு ஒரு வாய்த் தேநீர் பருகினேன். தேநீரின் துவர்ப்பும் இலேசான கசப்பும் வந்து தொட்டபோது இனிப்பு அடங்கிற்று. அடங்கிய இடத்தில் அதுவரை மறைந்திருந்த பயற்றின் மணம் எழுந்தது: புதிதாக வெந்த காராமணியின் மணத்துக்குப் பக்கத்து மணம். பாதித் துண்டில் திகட்டிய அதே பண்டம் இப்போது மூன்று வில்லை வேண்டியிருந்தது. முதலில் நான் கண்டது பண்டத்தின் குறையன்று. அதைத் துணையில்லாமல் தனியாக நிறுத்திச் சோதித்த என் முறையின் குறை.

ஒகிக்கு ஏன் யோக்கன் என்றும் ஒபாசான் சொன்னார். பல நூறாண்டுகளுக்கு முன், அந்நியருக்கு அடைத்திருந்த ஜப்பானில், நாகஸாக்கியின் தேஜிமா என்னும் சிறு செயற்கைத் தீவில் ஐரோப்பியரில் டச்சு வியாபாரிகளுக்கு மட்டும் இடமிருந்தது. அவர்கள் கப்பல்களில் ஜாவாவிலிருந்து சர்க்கரை வந்து இறங்கிற்று. நாகஸாக்கியிலிருந்து கொக்குரா வரை 25 தங்கல்களைக் கொண்ட நெடுஞ்சாலையில் அந்தச் சர்க்கரை பிரயாணம் செய்தது. சாலையோரத்து ஊர்களெல்லாம் இனிப்புச் செய்யக் கற்றன. சாகா மாநிலம் அந்த வழியில் இருக்கிறது. ஒகியின் மலையருவி நீர் தெளிவானது. கூடவே, யோக்கன் எளிதில் கெடாத பண்டமாகையால், ஸாஸெபோ கடற்படைத் தளத்துக்கு அருகிலிருந்த அவ்வூருக்குப் போர்க்காலங்களில் வியாபாரமும் பெருகிற்று. கடற்படை என்ற சொல் வந்ததும் அவர் குரல் தாழ்ந்தது. கப்பல்களுக்கு உணவு கொண்டுபோன ‘மாமியா’ என்னும் பெரிய கப்பலில் யோக்கன் கிண்டும் கூடமே இருந்ததென்றும், அந்த யோக்கனின் சுவையைப் பற்றித் தம் தமையனார் கடிதம் எழுதியிருந்தார் என்றும் சொன்னார். அந்தக் கப்பல் 1944 டிசம்பரில் மூழ்கிற்று. தமையனாரும் திரும்பவில்லை. அவ்வளவுதான் சொன்னார்; தேநீரை மறுபடியும் வார்த்தார்.

கட்டிக்கு உறுதி தருவது எது என்று கேட்டபோது மட்டும் அவர் முகத்தில் பிறந்த ஊரின் பெருமை தெரிந்தது. அது ‘கன்தென்’. தெங்குசா என்னும் செந்நிறக் கடற்பாசியைக் காய்ச்சி வடித்து உறையவைத்து, குளிர்காலத்தில் அறுவடையான வயல்களில் வைக்கோல்மேல் பரப்பிவிடுவார்களாம். இரவுப் பனியில் உறைவதும் பகல் வெயிலில் இளகி நீர் கசிவதுமாக இரண்டு வாரத்தில் அது பஞ்சுபோல் எடையற்ற குச்சிகளாய்க் காய்ந்துவிடும். அவருடைய ஊர்ப்பக்கத்துக் குடியானவர்களுக்கு அதுவே குளிர்காலத் தொழில். பதினேழாம் நூற்றாண்டில் கியோத்தோவை அடுத்த ஃபுஷிமியில் ஒரு சத்திரக்காரர், உண்டு மிஞ்சிய பாசிக்கூழைப் பனியில் கொட்டிவிட, அது தானே உலர்ந்து கிடந்ததைக் கண்டு இந்த முறையை அறிந்தார் என்பது வழிவழிக் கதை. மாவு சேர்த்து அவித்த பழைய யோக்கன், கன்தென் வந்தபின்னரே பல மாதங்கள் தாங்கும் இன்றைய கிண்டிய யோக்கனாயிற்று. அந்தப் பாசி எங்கிருந்து வருகிறது என்றேன். “இஸு கடற்கரையிலிருந்தும் வரும். ‘அமா’ என்ற பெண்கள் மூச்சடக்கிக் குதித்து எடுத்து வருவார்கள்” என்றார்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் நான் விடைபெற்றபோது, தலைவர் இரண்டு யோக்கன் கட்டிகளை என் தாயாருக்கென்று கொடுத்தார். இம்முறை அலுமினியத் தாளில் சூடாக வார்த்து மூடிய வகை; ஓராண்டு வரை கெடாது. கூடவே ஒரு சீட்டு, குழந்தைகளும் படிக்கும் எளிய எழுத்துக்களில்: “பயறு, சர்க்கரை, கடற்பாசி.”

கீழக்கரையை அடுத்த எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில், பால் விடாத தேநீரும் தயாரித்து, ஒபாசான் காட்டிய முறைப்படியே மெல்லிய வில்லையாக நறுக்கி, ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா நுனிப்பல்லால் கடித்து, கண்ணை மூடிச் சற்று மென்று, “என்னடா இது, பாசி போட்டுல்ல காய்ச்சியிருக்கு! மரைக்காயர் வீட்டு நோன்புப் பாசி மாதிரியில்ல இருக்கு” என்றாள்.

ஏழு மாதமாக எனக்கு வராத ஞாபகம் ஒரு கடியில் அம்மாவுக்கு வந்துவிட்டது. நோன்பு மாதத்தில் அந்திநேரத்தில் அடுத்த வீட்டு மரைக்காயர் வீட்டிலிருந்து மூடிய தட்டு எங்கள் வீட்டுக்கு வரும். காய்ந்த கடற்பாசியைக் காய்ச்சி வடித்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து, தாம்பாளத்தில் உறையவைத்துச் சாய்சதுரமாக வெட்டிய வெள்ளைத் துண்டுகள் அதில் இருக்கும். அதன் கெட்டியும் பல்லுக்கு இணங்கும் விதமுந்தான் யோகோஹாமாவில் என்னை அலைக்கழித்தவை.

எங்கள் கடற்கரைப் பெண்களும் பாசியெடுப்பவர்கள். கிழியாதிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரத்துப் பாறைகளில் மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறித்து வந்து மணலில் உலர்த்துவார்கள். வியாபாரிகள் வாங்கி மதுரைப் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்புவார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியச் சரக்கு நின்றுபோகவே, மற்ற நாடுகள் தத்தம் கரைகளில் இத்தகைய பாசியைத் தேடலாயின. போருக்குப் பிறகு மண்டபத்திலே நிறுவப்பட்ட கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும் நம் கடற்பாசிகளை ஆராய்ந்தார்கள். இவையெல்லாம் நான் பின்னர்ப் படித்தறிந்தவை. அன்று எங்களுக்குத் தெரிந்தது, மறுநாள் காலை வாசலுக்கு வந்த பாசிக்கார அக்காவுக்கும் ஒரு வில்லை கொடுக்கவேண்டும் என்பதுதான்.

அந்த அக்கா உப்பில் வெடித்த விரல்களால் வில்லையை வாங்கி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். “நம்ம பாசியா தம்பி?” என்றார்.

“இல்லைக்கா, அவங்க கடல் பாசி.”

“அங்கேயும் பொம்பளைகதான் முங்குறாகளா?”

“ஆமாக்கா. அமான்னு பேரு.”

அவர் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு தம் மகளுக்கென்று இன்னொரு வில்லையைக் கேட்டு வாங்கி, வாழையிலைக் கிழிசலில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

ஜப்பானிலிருந்து திரும்பும் உறவினரோ நண்பரோ உங்கள் கையிலும் ஒரு நாள் இந்தக் கட்டியை வைக்கக்கூடும். அல்வாவைப்போல் வெட்டிவிடாதீர்கள், சுண்டுவிரல் கனத்துக்குக் குறைவாக நறுக்கி, பாலும் சர்க்கரையும் சேராத பச்சைத் தேநீரோடு, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு உண்ணுங்கள். கொண்டுவந்தவரிடம் அது எந்த ஊரிலே செய்தது என்று அவசியம் கேளுங்கள்.